கேட்டு வாங்குவோம், பார்த்துக் கொடுப்போம்



குழுக் கூட்டத்தில் வசூலான பணத்தை ஊக்குநர் ஒரு தடவை எண்ணுகிறார். பிரதிநிதி ஒரு தடவை எண்ணுகிறார். பாஸ்புக்கில் சரியாக ஏறியிருக்கா என்று உறுப்பினரும் பார்க்கிறார். யார் மேலயும் சந்தேகம் இல்லை. மனுஷங்கதானே, கை தவறும். இன்னொரு கண் பார்த்தால் தப்பு பிடிபடும்.

பத்து ரூபாய்க்கு இவ்வளவு கவனம் காட்டுகிற நாம், ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வருகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. அவருடைய மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். ஒரு சமயம் கடும் காய்ச்சல் வந்து, டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதிலும் சர்க்கரை மாத்திரை இருந்தது. பழைய மாத்திரையும் வீட்டில் இருந்தது. அட்டை வேறு, நிறம் வேறு, கம்பெனிப் பேர் வேறு. அதனால் இரண்டும் வேற வேற மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மாமியார் வேர்த்து விறுவிறுத்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். 108 வண்டியில் கொண்டு போனபோது சர்க்கரை மிகவும் கீழே இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அட்டைகளைப் பார்த்த டாக்டர் சொன்னார்: “இரண்டும் ஒரே மருந்தும்மா. பேர்தான் வேற.”

தப்பு யாருடையது?

ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் விவரமாகக் கேட்கவில்லை. வீட்டாரும் சொல்லவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தணுமா என்று கிளம்பும்போது யாரும் பேசவில்லை. ஆக, தப்பு ஒருவருடையது இல்லை. சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோர்த்து வந்தது. எந்த இடத்திலாவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ‘தீங்கில்லாத மருந்து’ என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மூன்று இடங்களில் அதிக கவனம் வேண்டும் என்று அது சொல்கிறது. ஒன்று, ஆபத்து அதிகமுள்ள மருந்துகளும் சூழ்நிலைகளும். இரண்டு, ஒருவரே பல மருந்து சாப்பிடும் நிலை. மூன்று, ஆஸ்பத்திரி மாறும்போதும் வீடு திரும்பும்போதும். அந்த மாமியாருக்கு நடந்தது இந்த மூன்றாவது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரே பை: வீட்டில் உள்ள எல்லா மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பையோடு போங்கள். “இதெல்லாம் சாப்பிடுறாங்க டாக்டர்” என்று கொட்டிக் காட்டுங்கள். ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் சொல்லுங்கள்.

2. சீட்டு புரிய வேண்டும்: மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி கொண்டு வந்தது. எழுத்து புரியாவிட்டால் கேட்பதில் தப்பில்லை. 1-0-1 என்றால் காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று. ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை.

3. மருந்து கொடுக்கும் இடத்தில் நான்கு கேள்வி: இது எதுக்கு? எத்தனை? எப்போ, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? எத்தனை நாளைக்கு? ஒவ்வொரு அட்டையையும் சீட்டோடு வைத்துப் பாருங்கள். எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் அட்டை மேல் சூரியன், நிலா படம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

4. வார்டில்: சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் பேர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பார்ப்பது அவர்கள் வேலை. நோயாளியின் முழுப் பேரைச் சொல்லுங்கள். கட்டில் நம்பரை மட்டும் சொன்னால் ஆள் மாறிப்போகலாம்.

5. வீடு திரும்பும்போது: “பழைய மாத்திரையில் எதைத் தொடரணும், எதை நிறுத்தணும்?” இதைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

இவற்றில் கூடுதல் கவனம்

இன்சுலின்: பாட்டிலில் 40 என்று இருந்தால் 40 ஊசி, 100 என்று இருந்தால் 100 ஊசி. 100 மருந்தை 40 ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

குழந்தைக் காய்ச்சல் மருந்து: பாரசிட்டமால் சொட்டு மருந்து, சிரப்பை விட அதிக வீரியமானது. சொட்டு மருந்தைச் சிரப் மாதிரி ஸ்பூனில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது.

மெத்தோட்ரெக்சேட்: மூட்டுவாதத்துக்கு இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் தருவார்கள். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை இறங்கி வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

“படிச்ச டாக்டர்கிட்ட நாம எப்படிக் கேள்வி கேக்குறது?” என்ற தயக்கம் நமக்கு உண்டு. பேங்க் மேனேஜரிடம் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டோமே, அதே மாதிரிதான். குறை சொல்லவா கேட்கிறோம்? புரிந்துகொள்ளத்தானே கேட்கிறோம். பணிவாக, ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

அந்த மாமியார் இப்போது நலம். வாசலருகே ஆணியில் மாத்திரைப் பை தொங்குகிறது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மாத்திரைப் பையைக் கொண்டு வாருங்கள். ஒரே மருந்து இரண்டு பேரில் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிராம செவிலியரிடமோ டாக்டரிடமோ உடனே காட்டிக் கேளுங்கள். இதைத் தீர்மான நோட்டிலும் எழுதுங்கள்: “கேட்டு வாங்குவோம், பார்த்துக் கொடுப்போம்.”