மகிழுந்தில் பாட்டு நின்றால்

மகிழுந்தில் ஒலித்த பாட்டு திடீரென நின்றுவிட்டால், ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். புதியதை வாங்கவும் விரைகின்றனர். ஆனால், தளர்ந்துபோன ஒரு கம்பியே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

வானொலிக் கருவி மெல்லிய மின் சமிக்ஞையை அனுப்புகிறது. மிகைப்பி அதனை வலுவாக்குகிறது. ஒலிபெருக்கி அதனை ஒலியாக மாற்றுகிறது. இம்மூன்றையும் வரிசையாகச் சோதித்தால் பழுது இருக்கும் இடம் தெரியும்.

முதலில் மிகைப்பியின் விளக்கைப் பார்க்க வேண்டும். அது எரியாவிட்டால், பெரும்பாலும் மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். மிகைப்பிக்கு மூன்று கம்பிகள் தேவை. ஒன்று, மின்கலத்திலிருந்து 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு வருகிறது. மற்றொன்று, வண்டியின் உலோக உடலோடு இணைகிறது. மூன்றாவது, வானொலியை முடுக்கும்போது மிகைப்பியையும் முடுக்குகிறது. உலோக உடலோடு இணையும் இடத்தில் சாயமோ துருவோ இருந்தால் மின்சாரம் சீராகப் பாயாது.

விளக்கு எரிந்தும் ஒரு பக்கம் மட்டும் ஒலி வராமல் இருக்கலாம். அப்போது கருவியை அணைத்துவிட்டு, மிகைப்பியில் உள்ள இடப்பக்க, வலப்பக்க ஒலிபெருக்கிக் கம்பிகளை மாற்றிப் பொருத்த வேண்டும். முன்பு ஒலிக்காத ஒலிபெருக்கி இப்போதும் ஒலிக்காவிட்டால், பழுது அதிலோ அதன் கம்பியிலோ உள்ளது. அது ஒலித்து, மற்றது நின்றுவிட்டால், பழுது மிகைப்பியிலோ அதற்கு முன்னுள்ள பகுதியிலோ உள்ளது.

வண்டியின் இயந்திரம் வேகமாகச் சுழலும்போது இரைச்சலும் உயர்ந்தால், மின்கலத்திற்கு மின்னேற்றும் மின்னாக்கியின் குறுக்கீடு அதற்குக் காரணமாகலாம். மின் கம்பியையும் சமிக்ஞைக் கம்பியையும் ஒன்றாகக் கட்டாமல் தள்ளி வைத்தால் இரைச்சல் குறையலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது மின்கலத்தின் அருகே உள்ள மின்னுருகி. அளவுக்கு மீறிய மின்சாரம் பாயும்போது அது உருகி, மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. 30 ஆம்பியர் மின்னுருகி அடிக்கடி உருகுகிறது என்பதற்காகச் சிலர் 60 ஆம்பியர் மின்னுருகியைப் பொருத்திவிடுகின்றனர். பாட்டு மீண்டும் ஒலிக்கலாம். ஆனால், அத்தனை மின்சாரத்தைத் தாங்காத கம்பி சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

மின்னுருகி உருகுவது, வேறெங்கோ பழுது உள்ளது என்பதற்கான எச்சரிக்கையாகும். உரசித் தோல் உரிந்த கம்பி வண்டியின் உலோகத்தைத் தொட்டுக் கொண்டிருக்கலாம். ஆகவே, மின்கலத்தின் இணைப்பை முதலில் துண்டித்து, அந்தப் பழுதைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். அதன் பின்னரே, அதே அளவுள்ள மின்னுருகியைப் பொருத்த வேண்டும். காரணம் தெரியாவிட்டால், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பாளரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.