கனரக வாகன இரைச்சலும் உடல்நலமும்: ஓட்டுநர்களும் நோயாளிகளும் அறிய வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையமும் காய்கறி, பூச் சந்தைகளும் அருகருகே அமைந்துள்ளன. இரவு பகலாகப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் வந்துபோகும் இப்பகுதியில் வசிப்போர், சிகிச்சை பெறுவோர், வாகனம் ஓட்டுவோர் ஆகிய மூவரையும் இரைச்சல் பாதிக்கிறது.

எஞ்சின் பிரேக் ஏன் இரைகிறது?

எஞ்சின் பிரேக், எக்ஸாஸ்ட் பிரேக் ஆகியவை எஞ்சினையோ அதன் புகைப்போக்கியையோ பயன்படுத்தி வாகனத்தின் வேகத்தைக் குறைப்பவை. அழுத்தப்பட்ட காற்று திடீரென வெளியேறும்போது படபடவென்ற ஒலி எழுகிறது. சைலன்சர் பழுதடைந்திருந்தாலோ கழற்றப்பட்டிருந்தாலோ அவ்வொலி பன்மடங்கு பெருகும்.

குமுளி, போடிமெட்டு போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போது எஞ்சின் பிரேக் உயிர்காக்கும் சாதனமாகும். சக்கர பிரேக் சூடேறிச் செயலிழப்பதை அது தடுக்கிறது. ஆகவே அங்கு அதைத் தவிர்க்கக் கூடாது. சமவெளியில், குடியிருப்பு மற்றும் மருத்துவமனை அருகில், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து வந்தால் அதன் தேவை பெரும்பாலும் எழாது.

விதிகள் கூறுவது என்ன?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல ஊர்களின் எல்லையில் எஞ்சின் பிரேக்கைத் தவிர்க்கக் கோரும் பலகைகள் உள்ளன. நம் நாட்டில் சைலன்சர், ஹாரன், ஒலி அளவு ஆகியவற்றின் வழியாக இரைச்சல் கட்டுப்படுத்தப்படுகிறது.

• ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் வரம்பாகும். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.
• அமைதி மண்டலத்திலும், இரவில் குடியிருப்புப் பகுதியிலும், அவசர நிலை தவிர ஹாரன் ஒலிக்கக் கூடாது.
• பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனும், அளவுமீறிக் கூச்சலிடும் ஹாரனும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி தடை செய்யப்பட்டவை.
• தேவையின்றி ஹாரன் ஒலித்தாலோ, சைலன்சர் வழியாக அன்றி வேறு வழியில் புகையை வெளியேற்றினாலோ முதல் முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம்.

உடலுக்கு என்ன நேரும்?

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம் மட்டுமே. உட்செவியின் உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே இப்பாதிப்பைத் தடுக்கலாம். வந்தபின் குணப்படுத்த இயலாது. சன்னலைத் திறந்துவைத்து ஓட்டுவோரின் வலது காது இரைச்சலுக்கு அதிகம் ஆட்படுகிறது.

இரவு இரைச்சல் உறக்கத்தைக் குலைக்கும். விழித்தெழாவிடினும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரக்கூடும். இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர், அறுவை சிகிச்சைக்குப்பின் ஓய்வில் இருப்போர் ஆகியோருக்கு இது கூடுதல் சுமையாகும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• பணி முடிந்தபின் காதில் ரீங்காரம் நீடித்தல்
• பேச்சு கேட்டும் சொற்கள் தெளிவாகப் புரியாமை
• தொலைக்காட்சி ஒலியைக் கூட்டிவைக்கும்படி அடிக்கடி கேட்டல்

இவற்றில் ஒன்று இருப்பினும் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசர நிலை. தாமதமின்றி, அன்றே வாருங்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். காசநோய்க்கு ஊசி மருந்து பெற்றவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். சில ஊசி மருந்துகள் செவியைப் பாதிக்கக்கூடியவை.

நீங்கள் செய்யக்கூடியவை

ஓட்டுநர்கள் சைலன்சரை உரிய காலத்தில் சரிபார்த்து, ஏர் ஹாரனை அகற்றிவிடுவது நலம். ஓட்டும்போது பாட்டின் ஒலியைக் கூட்டி இரைச்சலை மறைக்க முயலாதீர்கள். இரண்டும் சேர்ந்தே செவியைத் தாக்கும். பராமரிப்பாளர்கள் நோயாளியின் கட்டிலைச் சாலையோரச் சன்னலிலிருந்து தள்ளி, இயன்றால் உள்ளறையில் அமைக்கவும். இரவில் இரைச்சல் தொடர்ந்தால் 100 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தெரிவிக்கலாம்.

மருத்துவமனை வாசலில் ஒலிக்காத ஒரு ஹாரன், உள்ளே இருப்பவருக்கு ஓர் இரவின் உறக்கம். ஓட்டுநருக்கோ தம் செவியின் பாதுகாப்பு.