இலவச வெப்சைட்டுக்குப் பணம் தருவது யார்?

பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்ன செய்வது, சாம்பாரில் உப்பு கூடினால் என்ன செய்வது என எதைத் தேடினாலும் பத்து வெப்சைட்கள் வந்து நிற்கின்றன. பெரும்பாலும் எதுவும் நம்மிடம் காசு கேட்பதில்லை. இவற்றை நடத்துபவர்களுக்கு என்ன லாபம்? நான் சாப்ட்வேர் துறையில் இருப்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள். விளம்பரம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விளம்பரத்திற்குப் பின்னால் உள்ள கட்டுப்பாடுகள் பலருக்குத் தெரிவதில்லை.

சிறிய வெப்சைட் நடத்துபவர்கள் பெரும்பாலும் விளம்பரம் கேட்டு யாரிடமும் அலைவதில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, விளம்பர நிறுவனம் தரும் சில வரி கோடிங்கை அங்கே ஒட்டிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தைத் திறக்கும் நொடிக்குள் ஒரு ஏலம் நடந்து, வென்றவரின் விளம்பரம் அங்கே வந்து உட்காரும். கூகுள் 2003ல் தொடங்கிய ஆட்சென்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. விளம்பரம் தருபவர் கொடுக்கும் பணத்தில் 68 சதவீதம் சைட்காரருக்குப் போகிறது என 2010ல் கூகுள் வெளியிட்டது. நம் நாட்டில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். அதற்கு முன், 10 டாலரை எட்டியதும், முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும். இன்டர்நெட் வருமானத்திற்கும் தபால்காரர் வந்தாக வேண்டும் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கிளிக் செய்து உதவாதீர்கள்!

தன் பக்கத்தில் வரும் விளம்பரத்தைச் சைட்காரரே கிளிக் செய்யக் கூடாது. "விளம்பரத்தைக் கிளிக் செய்து ஆதரவு தாருங்கள்" என எழுதுவதும் விதிமீறல். விளம்பரம் தந்தவர் கோவையில் மிக்ஸி விற்கும் கடைக்காரர் என வைத்துக் கொள்ளுங்கள். வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் கிளிக் செய்தால் அவர் பணம்தான் வீணாகும். சந்தேகம் வந்தால் சைட்காரரின் கணக்கு முடக்கப்படும். சேர்ந்திருந்த பணமும் கைக்கு வராமல் போகலாம். எனவே பிடித்த சைட்டுக்கு உதவுவதாக நினைத்து, தினமும் நாலு விளம்பரங்களைத் தட்டாதீர்கள். நீங்கள் அன்பால் செய்வது அந்தக் கம்ப்யூட்டருக்கு மோசடியாகத்தான் தெரியும்.

மொழியும் ஒரு கட்டுப்பாடுதான். ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில். அதற்கு முன், முழுக்கத் தமிழில் எழுதிய சைட்டுக்கு விதிப்படி இந்த வருமானம் இல்லை.

தேடல் மாறினால்...

விளம்பரத்தைப் பார்க்க ஆட்கள் வர வேண்டுமே! அவர்களை அழைத்து வரும் முக்கியமான வழி சர்ச் இன்ஜின். அது வரிசைப்படுத்தும் முறையை மாற்றினால், நேற்று முதல் பக்கத்தில் இருந்த சைட் இன்று கண்ணில் படாது. 2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றம், அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைத் தொட்டது. சாரமில்லாத கட்டுரைகளைக் குவித்து வைத்த சைட்களைக் கீழே இறக்குவது நோக்கம். ஹப்பேஜஸ் என்ற சைட்டில் பலர் எழுதி வந்தனர். அதில் நன்றாக எழுதியவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து அடிவாங்கினர். அதனால் அந்த ஆண்டே ஒவ்வொரு எழுத்தாளருக்கும் சப்டொமைன், அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் தனித்தனிக் கதவு எண், கொடுத்துப் பார்த்தது அந்த நிறுவனம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வருமானம் குறைகிறதே என்று பக்கத்தின் மேல்பகுதியை விளம்பரத்தால் நிரப்பினால், 2012 ஜனவரியில் வந்த விதிப்படி தேடலில் இடம் இறங்கும். மொபைலில் பக்கத்தை மூடி மறைக்கும் பாப்அப் போட்டால் 2017 ஜனவரி முதல் அதற்கும் தண்டனை. 2018 பிப்ரவரியில் குரோம் பிரவுசரே தொல்லை தரும் விளம்பரங்களைத் தடுக்கத் தொடங்கியது. வாசகர்களாகிய நமக்கு இவை நல்லதுதான். ஆனால் விளம்பரம் தரும் ஏஜென்ட், ஆள் அனுப்பும் தரகர், ஜன்னல் போட்ட தச்சர் மூவரும் ஒருவரே என்றால், சைட்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என 2024 ஆகஸ்டிலும், விளம்பரத் தொழில்நுட்பத்தின் சில பகுதிகளிலும் அப்படியே என 2025 ஏப்ரலிலும் அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தது இதனால்தான் கவனிக்கத்தக்கது.

விவரம் தெரிந்தவர்கள் ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. உள்ளூர்க் கடைகளிடம் நேரடியாக விளம்பரம் வாங்குகிறார்கள். வாசகரின் இமெயில் முகவரி பெற்றுப் புதிய கட்டுரைகளை அனுப்புகிறார்கள். சிலர் சந்தா கேட்கிறார்கள். 2024ல் தேடல் பக்கத்தின் மேலேயே ஏஐ எழுதிய பதில் வரத் தொடங்கிய பின், இது இன்னும் அவசியமாகிவிட்டது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் சைட்டுக்குள் யார் வருவார்கள்? உள்ளே வராதவருக்கு விளம்பரம் காட்ட முடியாதே.

ஒரு சைட்டின் விளம்பர இடத்தை விற்க யாருக்கெல்லாம் அனுமதி உண்டு என்பதை நீங்களே பார்க்கலாம். பிரவுசரின் அட்ரஸ் பாரில் ஏதாவது ஒரு செய்தி சைட்டின் முகவரியை டைப் செய்யுங்கள். அதன் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் ஆட்ஸ், ஒரு புள்ளி, டி எக்ஸ் டி என மூன்று எழுத்துகள் சேர்த்து என்டர் தட்டுங்கள். 2017ல் அறிமுகமான இந்த பைல் பல சைட்களில் இருக்கிறது. வரிக்கு ஒரு நிறுவனமாகப் பட்டியல் விரியும். வரியில் டைரக்ட் என இருந்தால் சைட்காரர் தானே நிர்வகிக்கும் கணக்கு. ரீசெல்லர் என இருந்தால் நடுவில் இன்னொருவர் இருக்கிறார்.