கசக்காத குளிசைக்குள் என்ன இருக்கிறது?

மருந்துக் கடைக்காரர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று மற்ற வியாபாரச் சகோதரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய நம்மவர்களில் சட்டைப் பையில் சீனி வருத்தக் குளிசை இல்லாதவர்கள் குறைவு. விற்பவனும் விழுங்குபவனும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. நான் அறியாமல் இருந்ததால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை நேரம். எங்கள் ஊர் ஹாஜியார் ஒருவர் கடதாசியில் எதையோ மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "தம்பி, நீங்க தந்த குளிசை விழுங்கின மாதிரியே வெளியால வருது. என்னத்த விக்கிறீங்க?" என்றார். கடதாசியை விரித்துக் காட்டினார். வெள்ளையாக, ஊறிப்போன குளிசை வடிவில் ஒன்று. அது 500 மில்லிகிராம் மெட்ஃபோர்மின், 'எஸ்.ஆர்.' என்று எழுதிய வகை. கடையின் பாமசிஸ்ட் அன்று லீவு. நான் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முன்னாலேயே ஏஜென்டின் றெப்புக்குப் போன் எடுத்துக் கத்தினேன். நேர்மையான வியாபாரி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது.

ஹாஜியார் அதன் பிறகு குளிசையையே நிறுத்திவிட்டார். "கடைக்காரரே பழுது எண்டு ஒத்துக்கொண்டார்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் கால் விரலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார்.

குளிசையில் ஒரு பழுதும் இருக்கவில்லை. வெளியே வந்தது வெறுங்கூடு. மருந்து எப்போதோ உடம்பில் சேர்ந்துவிட்டது. அந்த வகைக் குளிசையின் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்திலேயே இதை எழுதியிருக்கிறார்கள். பத்து வருடமாக அந்தப் பெட்டியை உடைத்து விற்றவன் நான், ஒரு நாளும் வாசிக்கவில்லை.

மெட்ஃபோர்மின் நல்ல கசப்பு, கூடவே கொஞ்சம் உப்புச் சுவை. 1957இல் பிரான்ஸில் ஜோன் ஸ்டேர்ன் என்ற டொக்டர் இதைச் சீனி வருத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதிலிருந்து இன்று வரை உலகம் முழுதும் ஓடுகின்ற சரக்கு. தண்ணீரில் மிக இலகுவாகக் கரையும். கம்பனிக்காரனுக்குத் தலையிடி தருவதும் அந்தக் குணம்தான். வாயில் பட்டதும் கரைவதால் கசக்கிறது. வயிற்றில் விழுந்ததும் ஒரேயடியாகக் கரைவதால் சிலருக்கு ஓங்காளமும் வயிற்றோட்டமும் வருகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் விழுங்கவும் வேண்டியிருக்கிறது.

கசப்பை மறைப்பது இரண்டில் இலகுவான வேலை. எச்சிலில் கரைந்த பொருளைத்தான் நாக்கு சுவைக்கும். கரையாத வரை எந்தக் கசப்பும் கசப்பல்ல. ஆகவே விழுங்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மருந்து எச்சிலில் படாமல் இருந்தால் போதும். இந்த யோசனை புதியதுமல்ல. மாத்திரைக்கு இஸ்பகோல் விதையின் வழுவழுப்பைப் பூசும் முறையை அல்-ராஸியின் பெயரோடும், பொன் வெள்ளித் தகடு சுற்றும் முறையை இப்னு ஸீனாவின் பெயரோடும் சேர்த்து மருந்தியல் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பின்னர் சீனிப் பூச்சு வந்தது. அது கனமானது, குளிசையின் எடையில் பாதியளவுகூடச் சேர்ந்துவிடும். பூசி முடிக்கவும் நாட்கள் எடுக்கும். இப்போது பெரும்பாலும் மெல்லிய படலப் பூச்சுத்தான். குளிசைகளைத் துளையிட்ட பெரிய உருளைக்குள் உருட்டிக்கொண்டே கரைசலைத் தெளித்து, சூடான காற்றில் காயவைப்பார்கள். எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம்தான் கூடும்.

சிறு பிள்ளைகளின் பாணி மருந்தில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. கிளாரித்ரோமைசின் என்ற கசப்பான அன்டிபயோட்டிக்கின் பாணியில் ஒவ்வொரு சிறு மணிக்கும் தனித்தனியாகப் பூச்சு உண்டு. பிள்ளை அதை மென்றால் பூச்சு உடைந்து கசக்கும். கலக்கிய பிறகு அதைப் பிரிட்ஜில் வைக்கவும் கூடாது. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, "பிள்ளை துப்புது" என்று தாய்மார் திரும்பி வரும்போது நாம் முழிக்கிறோம்.

மருந்தை மெதுவாக வெளியே விடுவதுதான் கஷ்டமான வேலை. அதற்கு மருந்துத் தூளோடு எச்.பி.எம்.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். மரக்கூழ், பருத்தி போன்ற தாவர நாரிலிருந்து எடுத்து மாற்றிச் செய்த பொருள். தண்ணீர் பட்டால் ஊதி, கசகசா ஊறியது போல வழுவழுப்பாகிவிடும். குளிசை வயிற்றில் விழுந்ததும் மேற்பூச்சு கரைகிறது, வெளிப்பக்கம் ஊறிக் களியாகிறது. உள்ளே தண்ணீர் அந்தக் களியை ஊடுருவித்தான் போக வேண்டும். கரைந்த மருந்தும் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கதவு ஒன்று, அதுவும் ஒடுக்கமானது. ஆகவே மருந்து பல மணித்தியாலங்களாகக் கசிகிறது. மருந்து போன பிறகு களி மிஞ்சுகிறது. ஹாஜியார் கொண்டு வந்தது அதைத்தான்.

இந்தக் களிக்குப் போதிய பொருள் சேர்க்க வேண்டியிருப்பதால்தான் எஸ்.ஆர். குளிசை பெரிதாக இருக்கிறது. 500 மில்லிகிராம் மருந்துள்ள குளிசையின் மொத்த எடை இரு மடங்குக்குக் கிட்டவும் போகலாம். "தொண்டையில சிக்குது" என்பவர்கள் அதிகம் பேர் இதை விழுங்குபவர்கள்தான். பிறகு வீட்டில் மருமகள் அம்மியில் வைத்துத் தட்டிக் கொடுக்கிறார். தட்டினால் கசப்பு மறைப்பும் போச்சு, களியும் போச்சு. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்குகிறது. மெட்ஃபோர்மினில் வயிற்றைக் கலக்கும். தியோஃபிலின் போன்ற மூச்சுத் திணறல் மருந்தின் மெதுவகைக் குளிசையில் நெஞ்சுப் படபடப்பும் வலிப்பும்கூட வரலாம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று பெயரின் பின்னால் எதைக் கண்டாலும் உடைக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. சிலவற்றுக்கு நடுவில் கோடு போட்டிருப்பார்கள், அவற்றைக் கோட்டில் இரண்டாக உடைக்கலாம், இடிக்கக் கூடாது. சந்தேகம் என்றால் பாமசிஸ்டைக் கூப்பிடுங்கள். அவர் இல்லாத நேரத்தில் முதலாளி பதில் சொல்லப் போய் என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

விலைக்கு வருவோம். சாதாரண மெட்ஃபோர்மினுக்கும் எஸ்.ஆருக்கும் விலையில் இடைவெளி உண்டு. கையில் எஸ்.ஆர். இல்லாத நாளில் "ரெண்டும் ஒரே மருந்துதான்" என்று சாதாரணத்தை நீட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மருந்து ஒன்றுதான், ஆனால் இரவுச் சாப்பாட்டோடு ஒரு தரம் என்று எழுதிய துண்டுக்குச் சாதாரணத்தைக் கொடுத்தால் மறுநாள் பகலுக்கு மருந்து காணாது. நோன்பு காலத்தில் எத்தனையோ பேர் டொக்டரின் ஆலோசனைப்படி இஃப்தாரோடு ஒரே குளிசை எடுத்துச் சமாளிக்கிறார்கள். அவர்கள் துண்டில் கைவைப்பது அவர்களின் நோன்பிலேயே கைவைப்பது. (எத்தனை குளிசை, எப்போது என்பதை ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நாம் மாற்றிக் கொடுக்கக் கூடாது.)

ஒரு குளிசை உண்மையில் மெதுவாகத்தான் கரைகிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆய்வுகூடத்தில் 37 பாகை வெப்பத்தில் கலக்கிக்கொண்டே மணித்தியாலக் கணக்கில் அளக்கிறார்கள். முதல் மணித்தியாலத்தில் அதிகம் வந்தாலும் பழுது, கடைசியில் மிஞ்சினாலும் பழுது. இந்தச் சோதனைக்குக் கம்பனி செலவழித்த காசுதான் விலையில் ஒரு பங்கு. ஆகவே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதியாத சரக்கை "பாதி விலை" என்று ஒருவர் கொண்டு வந்தால், எந்தச் செலவைக் குறைத்து அந்த விலை வந்தது என்று யோசியுங்கள். பில்லையும் தொகுதி இலக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதத்தில் அமெரிக்காவில், புற்றுநோய் அச்சம் தரும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு அளவுக்கு மேல் காணப்பட்டதால், மெதுவகை மெட்ஃபோர்மினைத் திரும்பப் பெறும்படி ஐந்து கம்பனிகளிடம் கேட்டார்கள். அப்படி ஒரு நாள் நமக்கு வந்தால் தொகுதி இலக்கம் இல்லாத கடைக்காரன் எதைத் திருப்பி அனுப்புவான்? அட்டையிலிருந்து உதிர்த்துக் கடதாசி உறையில் எண்ணிப் போடும் பழக்கத்தையும் விடவேண்டும். ஈரம் குடிக்கும் பொருள் உள்ளே இருக்கிறது. நம் ஊர்க் காற்று எப்படி என்று தெரியும்தானே.

இது ஹலாலா என்று கேட்பவர்களும் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். எச்.பி.எம்.சி. தாவரப் பொருள். ஆனால் குளிசை அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டியரேட் தாவரக் கொழுப்பிலும் வரலாம், மிருகக் கொழுப்பிலும் வரலாம். கெப்ஸியூலின் ஜெலட்டினும் அப்படியே, மாடோ பன்றியோ என்று பார்வையில் தெரியாது. ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது சிலர் பதில் அனுப்பினார்கள், சிலர் சிரித்தார்கள்.

ஹாஜியார் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கி, அதே குளிசையை அவர் முன்னால் போட்டேன். அஸருக்குப் போட்டது, மஃரிபு தொழுதுவிட்டு வந்து பார்த்தோம். ஊதி, மெத்தென்று, வடிவம் மாறாமல் கிடந்தது. அவர் கரண்டியால் தொட்டுப் பார்த்தார். தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். "மருந்து தண்ணிக்க வந்திட்டுது" என்றார். பிறகு, "இத அண்டைக்கே சொல்லியிருந்தா?" என்று கேட்டார். தேத்தண்ணி வந்தது. நான் பதில் சொல்லவில்லை.