எட்டாம் அடியும் எட்டாம் சுரமும்

'ஒக்டேவ்' என்பது இரு வேறு கலைகளுக்குப் பொதுவாய் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல். இசையாசிரியர் அதனைக் கூறுமிடத்து, ஒரு சுரத்திலிருந்து படிப்படியாக ஏறி, அதே சுரத்தை உச்சத்தில் மீண்டும் சந்திக்கும் வரையுள்ள எல்லையைக் கருதுவர். நாம் அதனை ஸ்தாயி என்போம். இலக்கிய ஆசிரியர் கூறுமிடத்து, பதினான்கு அடிகளால் இயன்ற சொனெற் என்னும் பாவின் முதல் எட்டு அடிகளைக் கருதுவர். எட்டாவது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் மூலம். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர், முன்னே எட்டு, பின்னே ஆறு என்று எண்ணிக் குறிப்பேட்டிற் பதிந்துகொள்வதோடு அமைந்துவிடுகின்றனர். அந்த எட்டாவது இடத்திலே நிகழ்வது யாது என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இசை நமக்கு நல்ல துணையாகும்.

கோயிலிலே ஆண்களும் பெண்களும் ஒருங்கு சேர்ந்து தேவாரம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பெண்களின் குரல் பெரும்பாலும் ஆண்களின் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கின்றது. ஆயினும், இருசாராரும் வெவ்வேறு சுரங்களைப் பாடுகின்றனர் என்று எவரும் குறை கூறுவதில்லை. ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் இருப்பினும், இரண்டும் ஒரே சுரமென்றே செவி ஏற்றுக்கொள்ளுகின்றது. இஃது எவ்வாறு?

வீணையின் தந்தியொன்றை மெட்டில் அழுத்தாது மீட்டினால் ஒரு சுரம் எழும். அதே தந்தியை 12ஆம் மெட்டில், அதாவது ஏறக்குறைய நடுவிடத்தில், அழுத்தி மீட்டினால் அச்சுரமே ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும். தந்தியின் நீளம் பாதியாக, அதிர்வு இருமடங்காகின்றது. செக்கனுக்கு 220 முறை அதிர்ந்தது 440 முறை அதிரும். ஆனால், 220 முறை அதிரும் தந்தி அந்த ஓர் அதிர்வோடு நின்றுவிடுவதில்லை. முழுத் தந்தியும் அதிரும் அதே வேளையில், அதன் அரைப்பங்கும் மூன்றிலொரு பங்கும் நான்கிலொரு பங்கும் தத்தம் அளவில் அதிர்ந்து, 440, 660, 880 என்னும் மெல்லொலிகளையும் உடனெழுப்புகின்றன. ஆகவே, 440 என்னும் மேற்சுரம் தனித்து ஒலிக்கும்பொழுது அது செவிக்குப் புதியதன்று. கீழ்ச்சுரத்தினுள்ளே முன்னரே மறைந்து ஒலித்துக்கொண்டிருந்ததுதான் இப்பொழுது வெளிப்பட்டு நிற்கின்றது.

இங்கே எண்ணும் முறையில் ஒரு வேறுபாட்டையும் கவனித்தல் தகும். மேனாட்டார் மீண்டு வரும் சுரத்தையும் சேர்த்து எட்டென்று எண்ணினர். நம் முன்னோரோ குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழோடு நிறுத்தினர். நரம்புகளின் அளவுகளைக் கணித்துப் பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்' (1947) விரிவாக ஆராய்வதும் இவ்வேழிசையையே. எட்டாவதற்குத் தனிப் பெயர் வேண்டியதில்லை. ஏனெனில் அது முதலாவதேயன்றோ? ஏழென்போர் மீட்சியைக் கண்டனர். எட்டென்போர் ஏற்றத்தைக் கண்டனர். இரண்டும் உண்மையே. எட்டாவது சுரம் தொடங்கிய இடத்துக்கு மீள்வதாகவும், தொடங்கிய இடத்தினும் உயர்ந்ததாகவும் ஒருங்கே அமைந்துள்ளது.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு இனிப் பாவினிடம் செல்வோம். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிசிலித் தீவிலே, பேரரசன் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையில் நொத்தாரிசாகப் பணியாற்றிய ஜாக்கொமோ த லென்ரினி என்பவரே சொனெற்றை முதன்முதல் இயற்றியவர் எனக் கருதப்படுகின்றார். இத்தாலிய மொழியில் அதன் பெயர் 'சிற்றொலி' என்னும் பொருளது. அவர் பாடல்களில் முதல் எட்டு அடிகளின் இறுதி ஓசைகள் ஒன்றுவிட்டொன்றாக மாறி மாறி வந்தன. இவ்விறுதி ஓசையொப்புமை நமது யாப்பில் இயைபு எனப்படுவதை ஒத்தது.

பின்வந்த புலவர் இவ்வொழுங்கை மாற்றினர். அம்மாற்றத்துக்கு நிலைபேறு அளித்தவர் பெற்றார்க். அவர் 1304இல் பிறந்த ஊர் அரெற்சோ. அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், பாடகருக்குச் சுரங்களை எளிதிற் கற்பிக்கும் பொருட்டு 'உற், ரே, மீ' எனத் தொடங்கும் அசைகளை வகுத்த குயிதோ என்னும் துறவி பணியாற்றியதும் அதே அரெற்சோவிலேதான். பெற்றார்க்கின் பெருந்தொகுப்பிலுள்ள 366 பாடல்களுள் 317 சொனெற்றுகள். அவற்றுட் பெரும்பாலானவற்றில் முதல், நான்காம், ஐந்தாம், எட்டாம் அடிகள் ஓர் ஓசையில் முடியும். இரண்டாம், மூன்றாம், ஆறாம், ஏழாம் அடிகள் வேறோர் ஓசையில் முடியும்.

இப்பொழுது எட்டாம் அடியை நோக்குங்கள். அது முதலாம் அடியின் ஓசைக்கே வந்து சேருகின்றது! இசையைப் பார்த்துப் புலவர் இதனை அமைத்தனர் என்று கூறுதல் மிகையாகும். எனினும் செவிக்கு உண்டாகும் நிறைவு ஒத்ததே. ஓசை பழையது, ஆனால் இடையிலே ஆறு அடிகள் கருத்தை வளர்த்துச் சென்றுவிட்டமையால், அதனைக் கேட்கும் உள்ளம் பழைய நிலையில் இல்லை. மீண்டும் வந்தோம், ஆயினும் உயர்ந்து வந்தோம் என்னும் உணர்வு பிறக்கின்றது.

ஆனால் இசைக்கும் பாவுக்கும் இங்கே வழி பிரிகின்றது. பாடகர் மேல் ஸ்தாயியை அடைந்தபின் அவ்வேழு சுரங்களையே மீண்டும் ஏறிச் செல்லலாம். புலவருக்கோ எஞ்சியிருப்பவை ஆறே அடிகள். அவற்றில் புதிய இயைபுகள் வரும். ஆகவே எட்டடியில் எழுப்பிய வினாவுக்கோ துயருக்கோ அவர் திரும்பி நின்று விடை காணவேண்டும். இத்தாலியர் இதனை 'வொல்ற்றா', அதாவது திருப்பம், என்பர். வினாவுக்கு எட்டு, விடைக்கு ஆறு என்னும் இந்தச் சமமின்மையே பாவுக்கு விசையைத் தருகின்றது.

இதற்கு மில்ரன் தம் பார்வையிழப்பைக் குறித்துப் பாடிய சொனெற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மில்ரனின் தந்தையார் இசை இயற்றுபவர். மில்ரனும் இசைப் பயிற்சி உடையவர். 1652ஆம் ஆண்டளவில் அவர் கண்ணொளியை முற்றாக இழந்தார். வாழ்நாளிற் பாதி கழியுமுன்னரே இருள் சூழ்ந்துவிட்டதே, இறைவன் தந்த ஆற்றல் பயன்படாது கிடக்கின்றதே, ஒளியை மறுத்தவன் உழைப்பை மட்டும் கேட்பானோ என்று எட்டடிப் பகுதியில் அவர் மனம் புழுங்குகின்றது. எட்டாம் அடி முடிந்த பின்னரே திருப்பம் வருதல் மரபு. மில்ரனோ எட்டாம் அடியின் நடுவிலேயே முறைப்பாட்டை நிறுத்திப் பொறுமையைப் பேச அழைக்கின்றார். முதலடியின் ஓசைக்கு மீளுகின்ற அதே அடியில் விடையும் தொடங்கிவிடுகின்றது. இறைவனுக்கு மனிதரின் உழைப்பு வேண்டுவதன்று, பொறுத்து நிற்றலும் தொண்டேயாம் என்பது அவ்விடை. அவ்வாறு பொறுத்து நின்றவர், பிறர் எழுதத் தாம் வாயாற் சொல்லி முடித்த 'பரடைஸ் லொஸ்ற்' 1667இல் வெளிவந்தது.

ஷேக்ஸ்பியரின் சொனெற்றுகளில் இவ்வமைப்பைத் தேடுதல் வீண். ஒத்த ஓசையுடைய சொற்கள் இத்தாலிய மொழியிற்போல ஆங்கிலத்தில் மலிந்திருக்கவில்லை. ஆதலால் 1609இல் வெளியான அவருடைய 154 சொனெற்றுகளுட் பெரும்பாலானவை மூன்று நான்கடிகளாகவும் இறுதியில் ஓர் ஈரடியாகவும் அமைந்தன. ஒவ்வொரு நான்கடியும் புதிய இயைபுகளைக் கொள்ளுகின்றது. எட்டாம் அடி முதலடிக்கு மீள்வதில்லை. முடிவு ஈரடியிலே திரண்டு நிற்கின்றது. அதன் அழகு வேறு.

மாணவர்களே, பெற்றார்க்கின் வழியில் அமைந்த சொனெற்றொன்றை இனிப் படிக்கும்பொழுது, அடிகளை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். முதல் எட்டு அடிகளையும் வாய்விட்டுப் படியுங்கள். எட்டாம் அடியின் ஈற்றில் முதலடியின் ஓசை மீண்டும் கேட்கும். அவ்விடத்திற் சற்று நிறுத்தி, புலவர் சுமந்துவந்த வினா இப்பொழுது எந்நிலையில் நிற்கின்றதென்று சிந்தியுங்கள். அதன்பின் எஞ்சிய ஆறடிகளையும் படித்தால் அவற்றின் பொருள் எளிதில் விளங்கும்.