தண்ணீருக்கு நல்ல நேரம், முதுகுக்கு?
துடுப்பும் தோளும் – 7

துடுப்பின் ஒரு வலிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ‘கேட்ச்’ நிலையில் முழங்கால் மடங்கியிருக்கும், உடல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்திருக்கும், கைகள் நீண்டிருக்கும். அங்கிருந்து கால் உதைக்கும், பிறகு முதுகு நிமிரும், கடைசியில்தான் கை இழுக்கும். இந்த வாரம் அதற்கெல்லாம் முந்தைய கால் மணி நேரத்தைப் பற்றி. படகை இறக்கும் முன் கரையில் செய்ய வேண்டியது, பலர் செய்யாமல் விடுவது: வார்ம்-அப்.

ரோயிங் பயிற்சி பெரும்பாலும் விடியற்காலையில்தான். காற்று எழும்பாத நேரம் அது. 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் ஓடும் அடையாற்றிலும் இதே கணக்குதான். ஒருவர் மட்டும் ஓட்டும் சிங்கிள் ஸ்கல் சுமார் 8 மீட்டர் நீளம், அகலமோ ஒரு முழம்கூடக் கிடையாது. கொஞ்சம் அலை எழுந்தாலும் அது ஆட்டம் காட்டும். அதனால் சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு ஆற்றுக்கு வருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீருக்கு நல்லதாக இருக்கும் அந்த நேரம் முதுகெலும்புக்கு ஆகாத நேரம். நாம் படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி, காலையில் அவை உப்பி, தோல் இறுகி நிற்கும். மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். இறுகி நிற்கும் டிஸ்க்கை வளைத்தால் அது கடுமையாக எதிர்க்கும். ஆடம்ஸ், டோலன், ஹட்டன் மூவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் முன்குனியும்போது கீழ்முதுகு டிஸ்க்குகள் மேல் விழும் வளைவு அழுத்தம் சுமார் 300 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். எழுந்து நடமாடத் தொடங்கினால், ராத்திரி கூடிய உயரத்தில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 18 வலிப்பு என்ற நிதானமான வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் 1,080 தடவை முன்சாய்ந்து எழ வேண்டும். ரோயிங்காரர்களிடம் அதிகம் அடிபடும் இடங்களில் கீழ்முதுகு முதல் வரிசையில் இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே வார்ம்-அப் படுக்கையை விட்டு எழும்போதே தொடங்கிவிடுகிறது. 5.30-க்குப் படகு என்றால் 5.10-க்கு எழுந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வருவது போதாது. முன்னதாக எழுந்து வீட்டுக்குள்ளேயே நடமாடினாலும் போதும், முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும்.

கரைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, எட்டி எட்டிக் கட்டைவிரலைப் பிடிப்பது. அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாத வேலை அது. தொடையின் பின்தசை இறுக்கமாக இருப்பவருக்கு இடுப்பு மடங்காது. விரலைத் தொட்டே தீருவது என்று கீழ்முதுகைத்தான் கூன் போடுவார். போதாக்குறைக்கு, ஒரே தசையை 60 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் வலு சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். உதைக்கப்போகும் காலை நாமே தளர்த்திவிட்டு உதைப்பானேன்?

முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். ஐந்து நிமிடம் வேக நடை, மெல்லோட்டம், அல்லது எர்க் மெஷினில் (கரையிலேயே துடுப்பு வலித்துப் பழகும் கருவி) மெதுவான இழுப்பு. சென்னைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மே மாதத்தில் சும்மா நின்றாலே சட்டை நனையும். அந்த வியர்வையைப் பார்த்து ‘சூடாகிவிட்டோம்’ என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், அதுதான் அடையாளம்.

பிறகு அசைவுகள். காலை முன்னும் பின்னும் வீசுவது, பக்கவாட்டில் வீசுவது, குதிகால் தரையில் பதிய உட்கார்ந்து எழுவது, ஓர் அடி முன்வைத்து இறங்கி உடம்பைத் திருப்புவது, தோளைச் சுழற்றுவது. எல்லாம் பத்துப் பத்துத் தடவை போதும்.

இதில் ஒன்றை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். ஒரு நீளக் குச்சியை முதுகோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே பின்புற எலும்பு என மூன்று இடத்திலும் குச்சி தொட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தைப் பின்னால் தள்ளியபடி முன்சாயுங்கள். மூன்றில் ஓரிடம் விட்டுப்போனாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தோடு நிறுத்தி நிமிருங்கள். “இடுப்புல மடி, முதுகுல மடிக்காதே” என்று கோச் படகில் கத்துவது இதைத்தான். கரையில் குச்சி சொல்லிக்கொடுத்ததைத் தண்ணீரில் இருக்கை கேட்கும்.

தண்ணீரில் இறங்கிய பிறகும் நேராக முழு வலிப்புக்குப் போவதில்லை. முதலில் கை மட்டும், அடுத்து கையும் உடலும், பிறகு இருக்கையைப் பாதி நகர்த்தி, முக்கால் நகர்த்தி, கடைசியில் முழுதாக. எட்டுப் பேர் படகில் நாலு பேர் துடுப்பைத் தண்ணீர்மேல் கிடத்திப் படகை ஆடாமல் பிடித்துக்கொள்ள, மற்ற நாலு பேர் வலிப்பார்கள். படகைத் திசைதிருப்பி வழிநடத்தும் காக்ஸ் குரல் கொடுத்ததும் முறை மாறும். அதன்பின் பத்து வலிப்பு அழுத்தமாக, கொஞ்சம் இளைப்பாறல், மறுபடி பத்து.

அப்படியானால் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் வேண்டாமா? வேண்டும், படகைத் துடைத்து ஷெட்டில் ஏற்றிய பிறகு. தொடையின் பின்தசை, இடுப்பின் முன்பக்கம், பின்புறம், மார்பு என்று ஒவ்வொன்றும் 30 நொடி. மறுநாள் உடல்வலியை அது பெரிதாகக் குறைத்துவிடாது. ஆனால் வாரக்கணக்கில் விடாமல் செய்தால் இடுப்பு மடியும் அளவு கூடும். அதற்காகத்தான் அது.

தாமதமாக வந்தவர் முதலில் வெட்டுவது வார்ம்-அப்பைத்தான். வெட்ட வேண்டியது தூரத்தை. 10 கிலோமீட்டர் 8 ஆனால் அந்த வாரப் பயிற்சியில் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. முதுகு பிடித்துக்கொண்டால் அடுத்த சில வாரங்கள் கரையில் நின்று மற்றவர்களின் துடுப்பைக் கழுவிக் கொடுக்க வேண்டியதுதான்.

அடுத்த வாரம்: தண்ணீரே இல்லாமல் படகோட்டும் எர்க் மெஷின்.

(தொடரும்)