தப்பு யார் மேல்?

குட்டீஸ்... ரூபிக் க்யூப் திருப்பி விளையாடியிருக்கிறீர்களா? 1974ல், ஹங்கேரி நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் உருவாக்கிய வண்ணக் கட்டை அது.

விடுமுறைக்கு வந்த என் பேரன் மூன்று நாட்களாக அதனுடன் மல்லுக்கட்டினான். எல்லாம் சேர்ந்துவிடும், ஒரே ஒரு மூலை மட்டும் வண்ணம் மாறி நிற்கும். 'எனக்கு மூளையே இல்லை தாத்தா...' என்று கண் கலங்கினான்.

எனக்கு ஒரு சந்தேகம். கம்ப்யூட்டரில் 'கேப்' என்ற சாப்ட்வேரைத் திறந்தோம். ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில், 1986ல் துவங்கிய பணி அது. கணிதத்துக்காகவே உருவானது, இலவசம்.

க்யூபில் 54 வண்ணச் சதுரங்கள். நடுவில் உள்ள ஆறும் இடம் மாறாது. மீதி 48க்கும் எண் கொடுத்தோம். ஆறு பக்கங்களையும் திருப்பினால் எந்த எண் எங்கே போகும் என்று எழுதினோம். 'மொத்தம் எத்தனை நிலைகள்?' என்று கேட்டதும், நொடியில் விடை வந்தது: 43252003274489856000. இருபது இலக்கம்!

ஒவ்வொன்றாக எண்ணியா சொன்னது? இல்லை. அதன் சூட்சுமத்தை நீங்களே செய்து பாருங்கள்.

ஒரு சதுரக் காகிதத்தின் மூலைகளில் 1, 2, 3, 4 என வரிசையாக எழுதுங்கள். பின்புறமும் அதே மூலையில் அதே எண். காகிதத்தைச் சுழற்றலாம், புரட்டலாம். எண் 1, நான்கு மூலைகளில் எதற்கும் போகலாம். அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் மீதி இரண்டே வழி: அப்படியே விடலாம் அல்லது மூலைவிட்டத்தில் புரட்டலாம். 4 × 2 = 8. அவ்வளவுதான்! 'கேப்' இப்படித்தான் படிப்படியாகப் பெருக்குகிறது.

இன்னொன்று... காகிதத்தை வலப்புறமாகக் கால் சுற்று சுழற்றி, பிறகு இடம் வலமாகப் புரட்டுங்கள். இடது மேல் மூலையில் 1 வரும். முதலில் புரட்டி, பிறகு சுழற்றினால்? அங்கே 3! கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. இங்கே மாறுகிறது. இரண்டு அசைவுகளைச் சேர்த்தால் இன்னொரு அசைவு கிடைக்கும். எதையும் திருப்பிப் பழைய நிலைக்கு வரலாம். இப்படிப்பட்ட தொகுப்புக்குக் கல்லூரிக் கணிதத்தில் 'குலம்' என்று பெயர்.

சரி, பேரன் கதைக்கு வருவோம். அவன் க்யூப் இருந்த நிலையை எழுதி, 'இது அந்தக் குலத்தில் உண்டா?' என்று கேட்டோம். 'இல்லை' என்றது கம்ப்யூட்டர். அதாவது, எத்தனை வருஷம் திருப்பினாலும் அது சேரவே சேராது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் கீழே விழுந்து சிதறிய க்யூபை எடுத்து மாட்டியவன் நான்தான்! ஒரு மூலைத் துண்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், சரியாக அமைய 12ல் ஒரு வாய்ப்புதான் உண்டாம்.

துண்டைக் கழற்றிச் சரியாக மாட்டினேன். பேரன் முகத்தில் சிரிப்பு! சரியாக மாட்டிய க்யூபை எப்படிக் கலைத்தாலும், 20 திருப்பங்களுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010ல் கம்ப்யூட்டர்களின் உதவியோடு நிரூபித்திருக்கிறார்கள்.

செல்லங்களே, கணக்கு வரவில்லை என்றால் உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கணக்கே தப்பாக இருக்கலாம்... கொடுத்தவர் தாத்தாவாகவும் இருக்கலாம்!